ஒன்பது நாள் படித்த குற்றம்

இந்தத் தெருவுக்கும் இதற்கு அடுத்த மூன்று தெருக்களுக்கும் இணைய இணைப்புக் கொடுப்பவன் நான். சட்டத்தின் பார்வையில் எனக்கு ‘இடைநிலைச் சேவை வழங்குநர்’ என்று பெயர். தெருவின் பார்வையில் ‘ஒயர்காரர்’. லைன் போய்விட்டால் கூப்பிடுவதற்கென்று தெரு வேறு சில பெயர்களும் வைத்திருக்கிறது. அவற்றை இங்கே எழுதினால், திட்டினவனை விட்டுவிட்டு அதைச் சுமந்து வந்த ஒயருக்குச் சொந்தக்காரனான என்னைத்தான் பிடிப்பார்கள். அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

எனக்கும் என் பயனாளர்களுக்கும் நடுவில் அறுபத்து நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்று உண்டு. யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன கடமை, யார் எதைச் செய்தால் யாரை உள்ளே வைப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதாகக் கேள்வி. இணையப் பொறுப்பு மேற்பார்வை அலுவலகம் அந்த அறுபத்து நான்கு பக்கத்திலும் வட்ட முத்திரை குத்தி, ‘படித்துச் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. புதிதாக இணைப்பு வாங்குகிறவர் திரையில் முதலில் வந்து நிற்பது இந்த ஒப்பந்தம்தான். அடியில் ஒரு பச்சைப் பொத்தான். ‘முழுவதும் படித்தேன், புரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.’ அதை அமுக்கினால்தான் லைன் வரும்.

போன வருடம் அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மக்கள் இதைப் படிக்கிறார்களா? உடனே கணக்கெடுத்தார்கள். ஒப்பந்தம் திறப்பதற்கும் பொத்தானை அமுக்குவதற்கும் நடுவில் மக்கள் எடுத்துக்கொள்ளும் நேரம், சராசரியாக ஒன்றேகால் விநாடி.

மூன்று மாதம் கூடிக் கூடி ஆராய்ந்தார்கள். மக்கள் பொய் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் மக்கள் படுவேகமாகப் படிக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். பொய் என்று எழுதினால் நாட்டில் உள்ள அத்தனை பேர் மேலும் வழக்குப் போட வேண்டும். அதில் அலுவலகத்தாரும் அடக்கம், அவர்களுடைய மாமியார்களும் அடக்கம். ஆகவே இரண்டாவதே உண்மை என்று ஒருமனதாகத் தீர்மானமாகி, சுற்றறிக்கை வந்தது. ‘நம் குடிமக்கள் விநாடிக்கு ஐம்பத்தொரு பக்கம் படித்துப் புரிந்துகொள்ளும் பேராற்றல் வாய்ந்தவர்கள் என்பதை அலுவலகம் பெருமையுடன் பதிவு செய்கிறது. இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்பவரின் நடத்தை அசாதாரணமானது. அப்படிப்பட்டவரைப் பற்றிச் சேவை வழங்குநர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.’

நான் வாராவாரம் ‘எவருமில்லை’ என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். நிம்மதியான வேலை. அதில் மண்ணைப் போட்டவர் தையல்கார அக்கா.

அக்கா முனைக் கடையில் பத்து வருடமாக ஜிப் மாற்றிக்கொண்டும், பேன்ட் அடி மடித்துக்கொண்டும் இருந்தவர். பெரிய வேலை எதுவும் கைக்கு வந்ததில்லை. இந்த முறை அரசு மருத்துவமனைக்கு அறுநூறு திரைச்சீலை தைக்கிற டெண்டர் வந்திருந்தது. கிடைத்தால் கூட இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் சொல்லியும் வைத்துவிட்டார். விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். அதுவும் ‘விண்ணப்பதாரரின் சொந்தக் கடை இணைப்பிலிருந்து மட்டுமே’. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்காகத்தான் என்னிடம் லைன் வாங்கினார்.

வாங்கியவர் எல்லோரையும் போல அமுக்கித் தொலைத்திருக்கலாம். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். நான் காட்டிக் கொடுக்கவில்லை, சத்தியமாக! என் கணினியே தகவல் அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை காலை அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்தினவர் இவர்தான். ஊரில் இவருக்கு ‘முத்திரை சார்’ என்றே பெயர்.

அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு எழுந்து நின்றார். நான் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“ஒப்பந்தத்தை எதுக்குப் படிச்சீங்க?” என்றார் முத்திரை சார்.

“படிச்சேன்னு சொல்லச் சொல்லுது சார். படிக்காம எப்படிச் சொல்றது?”

“எல்லாரும் சொல்றாங்களே!”

“எனக்கு அது வராது சார். துணியை அளக்காம வெட்ட மாட்டேன். அது மாதிரி பழகிடுச்சு.”

“ஒன்பது நாள்.”

“பகல்ல கடையில வேலை இருக்கும் சார். மதியம் சாப்பிட்ட பிறகு ஏழெட்டுப் பக்கமா படிச்சேன்.”

“திட்டம் போட்டுப் படிச்சிருக்கீங்க.” குறித்துக்கொண்டார். “யாரு சொல்லிக் கொடுத்தது? உங்களுக்குப் பின்னாடி யாரு இருக்கா?”

“பின்னாடி அயர்ன் டேபிள்தான் சார் இருக்கு.”

அவர் எட்டிப் பார்த்து, அதையும் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “விசாரணை முடியுற வரைக்கும் இவங்க லைன் நிறுத்தம். நடுவுல நீங்க கொடுத்தா உங்க லைசென்ஸ் ரத்து.”

“சார், வெள்ளிக்கிழமை எனக்கு டெண்டர் இருக்கு” என்றார் அக்கா.

“விசாரணைன்னா அவசரப்படக் கூடாதும்மா. நிதானமா, எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துதான் செய்யணும்” என்றார் முத்திரை சார், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஜீப் போனதும் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “தம்பி, ஒயர் உங்களோடது. பொத்தான் உங்களோடது. படிக்கச் சொன்னதும் நீங்க. படிச்ச நான் குற்றவாளியா?”

எனக்கு இரண்டு பிள்ளைகள், முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்பு, ஒரு லைசென்ஸ். ஏணியில் ஏறி அவர் லைனைக் கழற்றும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றினேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். முத்திரை சாரோடு சட்ட ஆலோசகரும் இயக்குநர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சட்ட ஆலோசகர் ஒப்பந்தத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“முழுக்கப் படிச்சதா சொல்றீங்க. புரிஞ்சுதா?”

“நல்லா புரிஞ்சுது ஐயா. லைன் போனா இவர் பொறுப்பில்லை, வந்தா நான் பொறுப்பு. அதெல்லாம் தெளிவா இருக்கு. நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் கொஞ்சம்...”

“என்ன நாற்பத்தேழு?”

அக்கா வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “‘வெள்ளைத் துணிகளையும் சாயம் போகும் துணிகளையும் ஒன்றாகப் போடாதீர்கள். உருளையில் அளவுக்கு மீறித் திணிக்காதீர்கள். குழந்தைகளை இயந்திரத்துக்குள் ஏற விடாதீர்கள். இயந்திரம் சுழலும்போது கதவைத் திறக்க முயலாதீர்கள். மாதம் ஒருமுறை பஞ்சு வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது பயனாளரின் கடமை.’ இது துணி துவைக்கிற மெஷினுக்கு உள்ளது சார்.”

மூன்று பேரும் அந்தப் பக்கத்தின் மேல் குனிந்தார்கள். பக்கத்தின் அடியில் வட்ட முத்திரை, ‘படித்துச் சரிபார்க்கப்பட்டது’, முத்திரை சாரின் அழகான கையெழுத்து.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் இந்த ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, என் மனைவி கொடுத்தனுப்பிய வாஷிங் மெஷின் புத்தகத்தையும் அதே கடையில் அதே மேஜையில் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் மெதுவாக விஷயத்தை அவிழ்த்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“அப்படின்னா மெஷின் புத்தகத்துல இருக்கிறது உங்க பக்கமா? ‘எந்த இழப்புக்கும் வழங்குநர் பொறுப்பல்ல, பயனாளர் புகார் செய்ய உரிமையில்லை’ன்னு போட்டிருந்துச்சு. அதை நம்பித்தானே அஞ்சு வருஷமா ஓடாத மெஷினை வெச்சுக்கிட்டுக் கையால துவைக்கிறேன்!”

என் ஒப்பந்தத்தைப் படித்து அதற்குக் கட்டுப்பட்டு நடந்த ஒரே ஆள் என் மனைவிதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிப் பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை பொருள்விளக்கக் குழு அவசரமாகக் கூடியது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பக்கம் தவறி வந்துவிட்டது என்று நான் உண்மையைச் சொல்லப் போனேன்.

“தவறுன்னா, முத்திரை தவறா?” என்றார் இயக்குநர் அம்மா.

“அப்படி இல்லைம்மா...”

“முத்திரை சரின்னா பக்கம் எப்படித் தவறாகும்?”

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். “பக்கம் சரியாத்தான் இருக்கு. நாமதான் அதை மேலோட்டமா பார்க்கிறோம். உருளைங்கிறது மோடத்தைக் குறிக்குது. துணிங்கிறது தகவல். வெள்ளையையும் சாயம் போறதையும் ஒன்றா போடாதேன்னா என்ன அர்த்தம்? நல்ல செய்தியையும் புரளியையும் கலக்காதே! இதைவிடத் தெளிவா ஒரு சட்டம் இருக்க முடியுமா?”

“ஆஹா!” என்றார் முத்திரை சார். ஆறு வருடத்துக்கு முன் தானே அதை யோசித்து எழுதியது போல அவர் முகம் மலர்ந்தது.

“அளவுக்கு மீறித் திணிக்காதேன்னா, மாத உச்சவரம்பு. குழந்தைகளை ஏற விடாதே, அது குழந்தைகள் பாதுகாப்பு. மற்ற அறுபத்து மூணு பக்கத்துலயும் குழந்தைங்கிற வார்த்தையே இல்லை, கவனிச்சீங்களா?”

“சுழலும்போது கதவைத் திறக்காதே?” என்று கேட்டார் அம்மா.

“திரையில வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும்போது ஒயர்காரருக்குப் போன் பண்ணித் தொல்லை கொடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்.”

எனக்கும் அந்தப் பக்கம் பிடித்துப்போனது. உண்மையைச் சொல்ல எடுத்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கினேன். ஆறு வருடமாக எனக்குச் சாதகமாக இப்படி ஒரு ஷரத்து இருந்திருக்கிறது, தெரியாமலே திட்டு வாங்கியிருக்கிறேன்.

கடைசியில் வடிகட்டியில் வந்து நின்றார்கள். ‘பயனாளரின் கடமை’ என்று தெளிவாக இருந்தது. ஆறு வருடமாக எந்த வீட்டிலும் எவரும் சுத்தம் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் வடிகட்டியைச் சுத்தம் செய்து காட்டாத இணைப்புகள் துண்டிக்கப்படும்.’ அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கி நான் பார்த்ததே இல்லை.

மோடத்தில் வடிகட்டி என்று ஒன்றும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெருவுக்கும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏழு பேர் ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்த்து, திரும்ப மூடத் தெரியாமல் என்னிடம் தூக்கி வந்தார்கள். இல்லாததை எப்படிச் சுத்தம் செய்வது? எதிர்வீட்டு டீச்சரம்மா வழி கண்டுபிடித்தார். டீ வடிகட்டி ஒன்றைத் துலக்கி மோடத்தின் மேல் ரப்பர் பேண்டால் கட்டி வைத்தார். சோதனைக்கு வந்த ஆள் பார்த்துவிட்டு ‘உள்ளது, சுத்தமாக உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். மதியத்துக்குள் பாத்திரக் கடையில் டீ வடிகட்டி தீர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக் வடிகட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்து ஸ்டீல் வடிகட்டிக்காரர்கள் உதட்டைச் சுழிக்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் இரட்டை வலை போட்டதை வைத்து, “இதுல வீடியோ எவ்வளவு தெளிவா வருது பாருங்க!” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். பார்த்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஆனால் டீ வடிகட்டாமல் குடிக்க வேண்டியிருந்ததில் எல்லோருக்கும் எரிச்சல். அலுவலகத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக்கூட அவ்வளவாகத் திட்டவில்லை. நேரே தையல் கடை வாசலுக்குப் போனார்கள்.

“நல்லா இருந்த தெருவும்மா இது. நீங்க ஏன் படிச்சீங்க?” என்றார் பல் டாக்டர்.

“அறுபத்து நாலு பக்கத்தை ஒருத்தங்க உட்கார்ந்து படிக்கிறாங்கன்னா, என்ன மனசு அது!” என்றார் டீச்சரம்மா. அவர் பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவர்.

திரைச்சீலைக்கு மாதிரியாகத் தைத்து வைத்திருந்த துணியை அக்கா மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவரே அலுவலகத்துக்குப் போய், ‘நாற்பத்தேழாம் பக்கம் மிகச் சரியாக உள்ளது, படித்த தவறுக்கு வருந்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார். முத்திரை சார் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் பொருள்விளக்கங்களைச் சேர்த்து, எழுத்தைப் பொடியாக்கிப் பக்கத்தைக் குறைத்துப் புது ஒப்பந்தம் தயாராகியிருந்தது. தெரு முழுக்க அதற்கு மறுபடி பொத்தான் அமுக்க வேண்டும். முதல் ஆளாக அக்கா அமுக்க வேண்டும், சாதாரணமாக அமுக்குகிறாரா என்று அலுவலகம் நேரில் பார்க்கும் என்று உத்தரவு.

நாலு நாற்பதுக்குக் கடை வாசலில் தெருவே கூடிவிட்டது. நான் லைனை மாட்டினேன். முத்திரை சார் கையில் ஸ்டாப்வாட்ச். திரையில் புது ஒப்பந்தம் வந்து நின்றது. முதல் வரியில் அக்காவின் கண் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

“அக்கா, படிக்காதீங்க!” என்று கத்தினாள் வேலைக்குச் சேரக் காத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி.

“கண்ணை மூடிக்கோங்க!” என்றார் பல் டாக்டர்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். “ஒன்றேகால்!” என்று முத்திரை சார் அறிவிக்க, தெரு கை தட்டியது. டெண்டர் பக்கத்திலும் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதையும் அதே கையோடு அமுக்கினார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நாங்களும் வீட்டுக்கு ஓடி ஆளுக்கு ஒன்றேகால் விநாடியில் கடமையை முடித்தோம்.

டெண்டர் கிடைத்தது. இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். கடையில் காலையிலிருந்து தையல் மெஷின் சத்தம்தான். நானும் அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து போக ஆரம்பித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, பத்து மணிக்கு, நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு வேனோடு வந்தார்கள். கையில் அட்டை, காதில் பேனா. டீச்சரம்மா வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினார்கள்.

“ஒப்பந்தத்தோட அறுபத்திரண்டாம் பக்கத்தின்படி, நாற்காலிகளை எடுத்துக்க வந்திருக்கோம்.”

“எல்லாத்தையுமா?”

“பக்கத்துல அப்படித்தானே இருக்கு? நீங்க படிச்சுப் புரிஞ்சு ஒப்புக்கிட்டிருக்கீங்களே.”

டீச்சரம்மா ஒரு கணம் யோசித்தார். “ஆமாமா, ஞாபகம் வருது” என்று சொல்லி வழிவிட்டார். பல் டாக்டர் நோயாளியை எழுப்பிவிட்டு அந்தப் பெரிய நாற்காலியையே கழற்றிக் கொடுத்தார். என் வீட்டில் நாலு. “ஏங்க, ஒப்பந்தம் உங்களோடது. அறுபத்திரண்டுல அப்படியா போட்டிருக்கு?” என்றாள் மனைவி. “போடாமலா கேட்பாங்க?” என்றேன். தெரியாது என்று ஒரு சேவை வழங்குநர் சொல்லக் கூடாது.

தையல் கடையில் மட்டும் அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.”

“ஏம்மா, நீங்க படிக்கலையா?” என்றான் நீலச்சட்டை.

தெருவே அவரைப் பார்த்தது. இரண்டு பெண்களும் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இன்னும் முந்நூற்றைம்பது திரைச்சீலை பாக்கி.

“படிச்சேன்” என்றார் அக்கா. கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் ஏதோ வேலையாக அலுவலகத்துக்குப் போனேன். முத்திரை சார் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்.

“இங்கேயும் வந்தாங்களா சார்?”

“பதினெட்டு நாற்காலி.”

“நீங்க கேட்கலையா?”

“எல்லாப் பக்கத்துலயும் படித்துச் சரிபார்க்கப்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டவன் நான். அப்படி ஒரு பக்கம் உண்டான்னு நானே எப்படிய்யா கேட்கிறது?” என்று எரிந்து விழுந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஒப்பந்தத்தைத் திறந்து, ஒரே தள்ளில் கடைசிக்குப் போய், உடனே மூடிவிட்டேன். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. சட்டப்படி நான் சாதாரணமானவன்தான். ஆனால் பார்த்துவிட்டேன். கடைசிப் பக்கத்தின் எண் ஐம்பத்தெட்டு.

நேரே தையல் கடைக்குப் போனேன். மூன்று பேரும் நின்றபடியே குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, காதருகில் விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. நானும் பார்த்தேன்” என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “டீச்சரம்மாவும் பார்த்திருக்காங்க. டாக்டரும் பார்த்திருக்கார். ஆளாளுக்கு வந்து என்கிட்டதான் ரகசியமா சொல்லிட்டுப் போறாங்க, நான்தான் படிக்கிறவளாம். யாரும் வெளியே சொல்லலை. நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க. லைனை வெட்டிடுவாங்க.”

“அந்த ரெண்டு பேரும் திருடனுங்க அக்கா!”

“மெதுவா. அது படிச்சவங்களுக்குத்தானே தெரியும்?”

அடுத்த புதன்கிழமை நீலச் சட்டைகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை எழுபதாம் பக்கம், மேஜைகள். வாசலில் நின்ற என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. மேஜையில் இருந்த கணினியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, மேஜையின் ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டேன். படியில் இடிக்காமல் வேன் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிக் கொடுத்தேன். அவர்கள் நீட்டிய தாளில், அதைப் பார்க்காமலே, கையெழுத்தும் போட்டேன்.